இறக்கத்தில் இறுகிய பிரேக்

ஐயாவு அன்று குடித்திருக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வேனில் அவருடைய தோளைத் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அவரிடம் வீசியது நான் பூசிய ஸ்பிரிட்டின் வாடை.

பெற்றோல் விலை ஏறி, கூப்பனுக்குக் கொடுக்கும் மாவுக்கும் வரிசையில் நிற்க நேர்ந்த காலம் அது. ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவச்சியாக வேலை பார்த்தேன். தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனங்கள் என்னைப் பரிமளம் மிஸி என்பார்கள். தோட்டத்துக்கு ஒரு பழைய வேன் இருந்தது. பின்னால் இருந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஒரு நீள மெத்தையையும் இரண்டு மணைகளையும் போட்டு, அதை அம்புலன்ஸ் என்று அழைத்தோம். அதன் ஓட்டுநர் ஐயாவு. மெலிந்த மனிதர்; அதிகம் பேசாதவர். அவசரமாகக் கூப்பிட்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வருவார். வேனின் சக்கரத்தைப் பிடித்த பிறகு அவரிடம் எந்த அவசரமும் தெரியாது.

தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து கீழே வரும் பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளையார் கோயில் வளைவு வரைக்கும் அது ஒடுங்கி, வளைந்து வளைந்து வரும். கோயிலைத் தாண்டியதும் பாலம் வரைக்கும் ஒரே நேரான இறக்கம். பாலத்துக்குச் சற்று முன்னால் பாதை சட்டென்று வலப்பக்கம் திரும்பும். திரும்பாவிட்டால் நேரே பள்ளம். பள்ளத்தின் அடியில் ஓடை.

அன்று காலையில் மேல் டிவிசன் லயத்திலிருந்த அழகம்மாவுக்கு வலி கண்டது. அவளுக்கு அது தலைப்பிரசவம். வயிற்றைத் தடவிப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. இது லயத்துக் காம்பராவின் ஒற்றை அறைக்குள் முடிகிற காரியம் அன்று என்று தெரிந்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். அவளுடைய மாமியார் மூக்காயி, தான் பெற்றதெல்லாம் அதே காம்பராவில்தான் என்று என்னோடு வாதாடினாள். வாதாடிக்கொண்டே வேனிலும் ஏறிவிட்டாள்.

அழகம்மா கத்துகிற பெண் அல்லள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வலி வருவதையும் போவதையும் அவளுடைய மூச்சைக் கேட்டுத்தான் நான் அறிய வேண்டியிருந்தது. கோயில் வளைவைத் தாண்டியபோது அவளுடைய மூச்சு இழுத்து இழுத்து வந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாலத்தடியில் ஓடையின் சலசலப்பும் கேட்டது. நான் அவள் வயிற்றில் கையை வைத்துக் குனிந்திருந்தேன்.

அப்போது ஐயாவு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“பிரேக்கு புடிக்குதில்ல மிஸி. கல்ல மிதிச்ச மாதிரி நிக்குது. புள்ளையக் கெட்டியா புடிச்சுக்கங்க.”

கறி கொதித்துவிட்டது என்று சொல்வதைப் போல அவ்வளவு நிதானமாகச் சொன்னார். அவருடைய முழங்கால் நடுங்குமளவுக்கு அவர் மிதித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஒரு கையால் கைப்பிரேக்கை இழுத்தார். வேன் கொஞ்சம் தயங்கியதே தவிர நிற்கவில்லை. உடனே அவர் வேனை வலப்பக்கத்து மண்மேட்டின் மேல் உரசவிட்டார். மண்ணும் புல்லும் கண்ணாடியில் வந்து விழுந்தன. வளைவுக்கு முன்பே வேன் மேட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. பள்ளம் எங்களுக்கு இடப்பக்கத்திலேயே இருந்துவிட்டது.

அழகம்மாவுக்கு ஒன்றும் நேரவில்லை. என் மணிக்கட்டு பிசகியது. ஐயாவுவின் நெற்றி கம்பியில் மோதிக் கிழிந்து, இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. என் பையிலிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். கை நோவில் போத்தல் சரிந்து அவருடைய சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கீழிருந்து தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி வந்தது; அழகம்மாவையும் மூக்காயியையும் அதில் ஏற்றிக்கொண்டு நான் போய்விட்டேன். பின்னேரம் பலாங்கொடையில் ஆண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்குள் தோட்டத்தில் வேறொன்று பிறந்திருந்தது. வேனைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஐயாவுவின் சட்டையிலிருந்து வீசிய வாடையை முகர்ந்திருக்கிறார்கள். மூக்காயி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, தன் பேரப்பிள்ளையைக் குடிகாரன் கொல்லப் பார்த்தான் என்று, எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று சொன்னாள். பீலிக்கரையில் சொன்னதை மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரும் சொன்னார்கள்.

நான் தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் போய் ஸ்பிரிட் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் நியாயம் கேட்கிற மனிதர்; தமிழும் ஓரளவு நன்றாகப் பேசுவார். ஸ்பிரிட் கதையை நம்புவதாகச் சொன்னார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். வேனைப் பலாங்கொடைக்கு இழுத்துப்போய்க் காட்டியாகிவிட்டது, பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று கராஜில் சொல்லிவிட்டார்கள்; அப்படியென்றால் குடிக்காத ஓட்டுநர் ஏன் மேட்டில் மோதினான்? தூங்கினானா, தடுமாறினானா? எதுவாயிருந்தாலும், பிள்ளைத்தாய்ச்சியை அவனிடம் நம்பிக் கொடுக்க முடியுமா?

மாத முடிவில் ஐயாவு சக்கரத்தை விட்டுவிட்டுப் புல்வெட்டுக்குப் போக வேண்டும் என்று துரை முடிவு செய்திருந்தார். ஓட்டுநருக்குக் கொடுத்திருந்த தனிக் காம்பராவையும் விட்டுவிட வேண்டும். ஐயாவுவின் மனைவி சுப்பம்மா அடுப்புக்கல்லைப் பெயர்த்து வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் மூவரின் உயிரையும் மேட்டின் பக்கம் திருப்பிய மனிதருக்கு இது நேரக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. நான் பலாங்கொடைக்கு பஸ் ஏறினேன்.

கராஜை நடத்தியவர் ஹுஸைன். எங்கள் தோட்டத்தின் வேனும் கொழுந்து லொறிகளும் அவரிடம்தான் பழுது பார்க்கப் போகும். வயது ஐம்பதுக்கு மேல். வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை நானா என்பார்கள். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்திருக்கிறார்; எண்ணெய் ஒழுக்கு இல்லை. குழாய்களில் வெடிப்பு இல்லை. இரத்தினபுரி வீதியில் வேகமாக ஓட்டிச் சட்டென்று மிதித்தும் பார்த்திருக்கிறார். சந்தேகம் தீராமல் மூன்று தடவை அப்படிச் செய்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வேன் நின்றது.

“பிரேக்குல ஒண்டும் இல்ல மிஸி. ஒண்டு இருந்தா நான் ஒளிப்பேனா? ஐயாவுவ எனக்கும் தெரியும். காணாத பழுத எப்பிடி நான் கண்டேன் எண்டு செல்றது?”

அவர் சொன்னது சரி. நானும் வயிற்று நோவு என்று வருகிறவளிடம், நோவு இல்லாத நேரத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவதில்லை. நோவு வருகிறபோது என்ன செய்துகொண்டிருந்தாய், என்ன தின்றாய், எப்படிப் படுத்திருந்தாய் என்று முதலிலிருந்து கேட்பேன். அதை அவரிடம் சொன்னேன். வேன் இங்கே இரத்தினபுரி வீதியில் நோகவில்லை. எங்கள் இறக்கத்தில் நொந்தது. ஆகவே அந்த இறக்கத்துக்கே அதைக் கொண்டுபோக வேண்டும். அதே பாரத்தோடு, அதே ஓட்டுநரோடு. ஹுஸைன் நானா தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். கடைசியில் தானே வருவதாகச் சொன்னார். துரையும் ஒரு தடவை என்று அனுமதித்தார்.

அழகம்மாவுக்கும் மூக்காயிக்கும் பதிலாக உரமூட்டைகளை ஏற்றினோம். ஏற்றிய ஏழுமலை என்ற வேலையாள், மூக்காயியின் வாய்க்குத் தனியாக இன்னொரு மூட்டை போட வேண்டாமா என்று கேட்டான். மூக்காயி கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்டது. அவன் வாயில் மண் விழ வேண்டும் என்றாள். வேனில் ஏறச் சொன்னதற்கு, பேரன் நடப்பதைப் பார்க்காமல் சாக விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாள்.

நான் அன்று உட்கார்ந்திருந்த மணையிலேயே உட்கார்ந்தேன். ஹுஸைன் நானா முன்னால் ஐயாவுவின் பக்கத்தில் இருந்தார். மேல் டிவிசனிலிருந்து புறப்பட்டோம். ஒவ்வொரு வளைவிலும் ஐயாவு மிதிக்க, வேன் அடக்கமாகக் கேட்டு நடந்தது. கோயில் வளைவைத் தாண்டி நேர் இறக்கத்தில் வந்தோம். பாலத்து வளைவுக்கு முன்னால் ஐயாவு மிதித்தார். வேன் வேகம் குறைந்து, நல்லபடியாகத் திரும்பி, பாலத்தின் தலைப்பில் நின்றது.

ஹுஸைன் நானா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்துத்தான் ஐயாவு உடைந்துபோனார் என்று நினைக்கிறேன்.

“எனக்கே எம்மேல நம்பிக்க போயிருச்சு மிஸி,” என்றார். “பிரேக்குன்னு நெனச்சு கிளச்சத்தான் மிதிச்சனோ என்னவோ. துரை சொல்ற மாதிரி எனக்கு என்னமோ ஆகிருச்சு போல. நான் புல்லு வெட்டவே போறேன். விட்டுருங்க.”

விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏதோ ஒன்று அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இல்லை என்று மட்டும் என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. மூட்டைகளைப் பார்த்தேன். மெத்தையைப் பார்த்தேன். ஐயாவு வேனின் எஞ்சினை அணைத்தார். அணைத்தவுடன் பாலத்தடியில் ஓடை சலசலத்தது.

அது எனக்கு இப்போதுதான் கேட்டது. இறங்கி வருகிறபோது கேட்கவே இல்லை. வழி நெடுக எஞ்சினின் இரைச்சல்தான் காதை அடைத்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அழகம்மாவின் மூச்சை நான் எப்படிக் கேட்டிருக்க முடியும்? ஆனால் கேட்டேன். அவள் முனகக்கூட இல்லை. வெறும் மூச்சைத்தான் கேட்டேன்.

“ஐயாவு,” என்றேன், “அன்றைக்கு இந்த இறக்கத்தில் எஞ்சின் சத்தம் இல்லையே. ஏன்?”

ஐயாவு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டது அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். சோறு தின்னும்போது ஏன் கையைக் கழுவினாய் என்று கேட்டதைப் போல.

“கோயில் வளைவுல எஞ்சின அணைச்சிட்டு நியூட்ரல்ல விட்டுத்தானே வருவோம் மிஸி. பாலத்துக்கிட்ட கியர்ல போட்டா எஞ்சின் தன்னால புடிச்சுக்கும். லொறிக்காரங்க எல்லாரும் அப்படித்தான் வாறாங்க.”

பெற்றோல் விலை ஏறிய நாள் முதல் அந்த மலையில் எல்லா வண்டிகளும் அப்படித்தான் இறங்கின. பெற்றோலில் சிக்கனம் பிடியுங்கள் என்று துரை பெரட்டுக்களத்தில் சொன்ன பிறகு ஓட்டுநர்களுக்குள் அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. யார் அதிகத் தூரம் எஞ்சின் இல்லாமல் வந்தார் என்று தேநீர்க் கடையில் பெருமை பேசுவார்கள். அதை ஒளிக்க வேண்டிய செயலாக ஒருவரும் நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய செயலாகவும் நினைக்கவில்லை. துரை கேட்டபோதும் நானா கேட்டபோதும், “கோயிலத் தாண்டி வந்தேன், மிதிச்சேன், புடிக்கல” என்றே ஐயாவு சொல்லியிருக்கிறார். எஞ்சினை அணைத்ததுகூட அவருக்கு அந்த “வந்தேன்” என்பதிலேயே அடங்கிவிட்டது.

“அப்ப இண்டைக்கு ஏன் அணைக்கல?” என்று ஹுஸைன் நானா கேட்டார். வெளியே வைத்த காலை அவர் மீண்டும் உள்ளே இழுத்திருந்தார்.

ஐயாவு தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க பக்கத்துல இருக்கீங்க நானா. பெரிய ஆள ஏத்திக்கிட்டு அணைச்சா அது கஞ்சப் பொழப்பு மாதிரி இருக்குமே.”

நானா சிரிக்கவில்லை. இறங்கி வந்து ஐயாவுவை நகரச் சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பாலத்தின் தலைப்பு சமதரை. எஞ்சினைக் கிளப்பிப் பிரேக்கை மிதித்தார். அது மெத்தென்று இறங்கியது. காலை எடுத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். கையேந்தி ஏதோ துஆ ஓதி வேண்டுகிறவரைப் போலக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு மிதித்தார். அவருடைய கால் அப்படியே நின்றது. மறுபடியும் மிதித்தார். பிறகு இறங்கி என்னை ஏறி மிதித்துப் பார்க்கச் சொன்னார். சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி மிதித்தேன். அம்மிக்கல்லில் காலை வைத்ததைப் போல இருந்தது.

அவர் எனக்கு விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். அந்தக் கனத்த வேனை வெறும் காலால் நிறுத்த முடியாது. காலுக்குத் துணையாக ஒரு பெரிய டப்பா இருக்கிறது. அதைப் பூஸ்டர் என்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது ஒரு குழாய் வழியாக அந்த டப்பாவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். காற்றில்லாத அந்த வெறுமைதான் காலுக்குப் பலம் தருவது. குழாயின் நடுவே ஒரு சிறிய வால்வு உண்டு. அது காற்றை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும். எஞ்சின் நின்றுவிட்டாலும் காற்று திரும்பி டப்பாவுக்குள் போகாமல் அந்த வால்வு தடுக்கும். அதனால் இரண்டு மூன்று மிதிக்குப் பலம் மிச்சமிருக்கும். வால்வு கெட்டிருந்தால் எஞ்சின் ஓடும்வரை ஒரு குறையும் தெரியாது. எஞ்சின் நின்ற மறுகணம் காற்று உள்ளே புகுந்துவிடும், பிரேக் கல்லாகிவிடும். நானா பார்த்தபோதெல்லாம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வேனின் மூக்கைத் திறந்து, ஸ்பேனரால் அந்த வால்வைக் கழற்றினார். இரண்டு விரல் நீளம்கூட இல்லாத பொருள். சட்டையில் துடைத்து வாயில் வைத்து ஊதினார், காற்று போயிற்று. திருப்பி வைத்து ஊதினார், அப்படியும் போயிற்று. போகக்கூடாதாம். ஐயாவு சிறுபிள்ளையைப் போல வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன.

நானா வால்வின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளேயிருந்த ரப்பர் வட்டத்தை உள்ளங்கையில் தட்டினார். அது ஊறிய பயற்றைப் போல உப்பி, ஓரமெல்லாம் சுருண்டு போயிருந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார்.

“இது என்ட வேல,” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன வருடம் அந்த வால்வின் உள் ரப்பர் வெடித்திருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத நேரம். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. வேன் நின்றுவிட்டால் தோட்டத்துக்கு அம்புலன்ஸ் இல்லை. ஆகவே சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார். டியூப் ரப்பர் பெற்றோல் ஆவியில் ஊதிப்போகும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல வால்வு கிடைத்தவுடன் மாற்றிவிடலாம் என்று வைத்தவர், வேலை நெருக்கத்தில் மறந்துபோனார். எஞ்சின் ஓட்டத்தில் பிரேக் நன்றாக இருந்ததால், அது நினைவுக்கு வரவும் இல்லை.

முதலில் பேசியவர் ஐயாவுதான்.

“நானா, இத நீங்க யாருக்கிட்டயும் சொல்ல வேணாம். வால்வு பழசு, கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும். தோட்டத்து வேல இல்லாட்டி ஒங்க கராஜ் என்னத்துக்கு ஆகும்?”

எதைச் சொன்னாலும் ஒருவரை எடுத்து மற்றவரின் மேல் வைத்ததாகும் என்று எனக்குப் பட்டது.

ஹுஸைன் நானா அந்த ரப்பர் வட்டத்தை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். “பழசு கெட்டுப்போச்சு எண்டா, வால்வு எங்க, காட்டு எண்டு துரை கேப்பாரு,” என்றார். “காட்டினா, எஞ்சின் ஓடுற நேரம் ஒரு குறையும் வராது எண்டும் செல்லோணும். அப்ப அவரு என்ன செல்வாரு? ஐயாவு எஞ்சின அணைச்சதாலதான் வந்திச்சு எண்டு முடிச்சிருவாரு. நல்ல வால்வா இருந்தா, நீ அணைச்சாலும் அந்த ஒரு மிதிக்கு வேன் நிண்டிருக்கும். அத நான்தான் செல்லோணும். வேற ஆருக்குத் தெரியும்?”

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். தோட்டத்து ஆபீசுக்கு மூவரும் ஒன்றாகவே போனோம்.

துரையின் மேசையில் நானா அந்த வட்டத்தை வைத்தார். முதலில் வால்வு என்ன செய்யும் என்றார். பிறகு அதற்குள் டியூப் ரப்பரை வைத்தது யார் என்றார். அதன் பிறகே எஞ்சின் அணைத்த கதையைச் சொன்னார். இந்த ஒழுங்கில் சொன்னதற்காக நான் அவரை அன்று மனத்துக்குள் வணங்கினேன். ஒழுங்கு மாறியிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்கும்.

துரை அந்த ரப்பரை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு பெற்றோலைச் சிக்கனம் பிடிக்கச் சொன்னது தானே என்று, தனக்குத்தானே சொல்வதைப் போலச் சொன்னார். ஐயாவு மறுநாள் முதல் வேனை எடுக்கலாம் என்றார். இனிமேல் எந்த ஓட்டுநரும் இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக்கூடாது என்பதை அடுத்த நாளே பெரட்டில் அறிவித்தார். ஐயாவு மீது தவறில்லை என்பதையும் அதே வாயால் எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்கு நான் அவருக்கும் கடமைப்பட்டவள்.

ஹுஸைன் நானாவுக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. கொழும்பிலிருந்த தோட்டக் கம்பெனிக்குத் துரை விஷயத்தை எழுத வேண்டியிருந்தது. அவர்கள் கொழுந்து லொறிகளின் வேலையை வேறொரு கராஜுக்கு மாற்றிவிட்டார்கள். நானா ஒரு சொல்லும் முறையிடவில்லை. சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த பழைய காரிலிருந்து நல்ல வால்வைக் கழற்றி எங்கள் வேனில் பூட்டி அனுப்பினார். அதன் பிறகு அவருடைய கார் கராஜின் மூலையிலேயே நின்றது.

சுப்பம்மா அடுப்புக்கல்லை மீண்டும் பதித்துப் பால் காய்ச்சி, எனக்கு ஒரு டம்ளர் அனுப்பினாள். மூக்காயி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். ஐயாவுவிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளிடம் இல்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளில் பேரனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து வேனில் ஏறினாள். மெத்தையில் தூசி என்று ஐயாவுவைத் திட்டினாள். முன்னால் வெயில் என்று திட்டினாள். “நாலு பேரு ஏறுற வண்டிய இப்படியா வச்சிருப்ப? ஒரு சாக்க எடுத்துத் தொடைக்க ஒனக்குக் கை இல்லயா?” என்றாள். ஐயாவு அவ்வளவுக்கும் முகமெல்லாம் மலர்ந்து, தன் தலைத்துண்டை எடுத்து மெத்தையைத் துடைத்துக் கொடுத்தார். குடிகாரன் என்ற சொல்லை அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாரும் அவரைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஊசி போட்டு முடிந்ததும், கராஜில் ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும் என்று அழகம்மா கேட்டாள். அதிகம் பேசாத பெண். ஆகவே அவள் ஒன்றைக் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. ஹுஸைன் நானா ஏதோ ஒரு டிராக்டருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கராஜில் அந்த ஒரு வேலைதான் இருந்தது. அழகம்மா குழந்தையைத் துணியோடு அவர் பக்கம் நீட்டினாள். அவர் தன் கைகளைப் பார்த்துவிட்டு, மறுக்கிற பாவனையில் பின்னால் கட்டிக்கொண்டார். தனக்கு நன்றி சொல்ல வர வேண்டாம், அந்தப் பிள்ளையைப் பள்ளத்தின் விளிம்பு வரை கொண்டுபோனதே அந்த டியூபை வெட்டிய தன்னுடைய கத்தரிக்கோல்தான் என்றார்.

“அது சரிங்க நானா,” என்றாள் அழகம்மா. “நீங்க சும்மா இருந்திருந்தா ஐயாவு அண்ணன் புல்லுவெட்டுக்குப் போயிருப்பாரு. வண்டி அதே வால்வோட ஓடிக்கிட்டிருக்கும். எம்பக்கத்துக் காம்பராவுல ஒருத்தி ஏழு மாசம். அவளுக்காகவும் சேத்துத்தான் வந்தேன்.”

நான் அவளுக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டியவள். பலமுறை மனத்துக்குள் அடுக்கி வைத்தும் இருந்தேன். அவள் சொன்னது நான் அடுக்கியதைவிட நன்றாக இருந்தது. ஆகையால் நான் “ஆமாம்” என்று மட்டும் சொன்னேன்.

நானா குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, விரலின் பின்பக்கத்தால் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டார். அது காலை உதறியது. “நல்ல மிதி,” என்றார். அன்று முதன்முறையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மூக்காயி இவ்வளவு நேரமும் வேனின் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயிலில் வந்தவர்களுக்கு ஒரு சாயத்தண்ணி கொடுக்கிற வழக்கம் இந்தக் கராஜில் உண்டா இல்லையா என்று கேட்டாள். நானா பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து எல்லாருக்கும் தேநீர் சொன்னார். தேநீர் வருவதற்குள் அவர் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பி அணைத்தார், காத்திருந்து மிதித்தார், மறுபடி காத்திருந்து மிதித்தார். வால்வை மாற்றி மாதங்களாகியும் அந்த வேன் அந்த வீதிக்கு வரும்போதெல்லாம் அவர் அப்படித்தான் செய்வாராம். ஐயாவு என் காதில் சொன்னார். அவர் திருப்தியோடு இறங்கி வந்தபோது தேநீர் வந்திருந்தது. ஒரு கிளாஸ் குறைந்தது. தன்னுடையதையும் நானாவுடையதையும் சேர்த்துக் குடித்துவிட்டு, சீனி போதாது என்று மூக்காயி சொல்லிக்கொண்டிருந்தாள்.